மலை ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன மாற்றத்தைத் தொடங்கி நிலைக்க வைப்பது எப்படி

மாதாந்திரக் கூட்டம் எதில் போய் உட்கார்ந்தாலும் ஒரு வாக்கியம் கட்டாயம் காதில் விழும்: "பேஷன்ட் ஒழுங்கா வர்றதில்லைங்க சார்." பல வருடம் நானும் இதைச் சொல்லியிருக்கிறேன். சேலம் மாவட்டத்தில் கீழே சமவெளியிலும் மேலே ஏற்காடு மலையிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஸ்டாப் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள், "சிஸ்டர், தர மேம்பாட்டு ப்ராஜெக்ட் ஒண்ணு பண்ணச் சொல்லியிருக்காங்க, எங்கிருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியல" என்று போன் பண்ணுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

ஒரு காபி சீசனில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரஷர் மாத்திரைக்கு வந்துகொண்டிருந்த ஒரு எஸ்டேட் அம்மா மூன்று மாதமாக வரவில்லை. பதிவேட்டில் அவர் பெயரைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருந்தேன். வாரச் சந்தையில் தற்செயலாகப் பார்த்தபோது, "ஏம்மா, மாத்திரைய விட்டுட்டீங்களே" என்று கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "பதினஞ்சு நாளைக்குத்தான நர்சம்மா குடுக்கறீங்க. முதல் பஸ்ஸப் புடிச்சு வந்து வரிசையில நின்னு வாங்கிட்டு வீடு போய்ச் சேர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிருது. மாசத்துல ரெண்டு நாள் கூலி போயிருதுங்களே" என்றார். நாங்கள் இலவசமாகக் கொடுக்கிற மாத்திரைக்கு அவர் மாதம் இரண்டு நாள் கூலியை விலையாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். கட்டுப்படியாகாதபோது நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். நான் போட்ட சிவப்பு வட்டம் அவரைச் சுற்றி இருந்திருக்கக் கூடாது, அந்தப் "பதினைந்து நாள்" என்பதைச் சுற்றி இருந்திருக்க வேண்டும்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது. ஆளைத் திருத்தப் பார்க்காமல், வேலை நடக்கிற முறையைத் திருத்திப் பாருங்கள்.

முதலில் ஒரு நாள் சும்மா உட்காருங்கள்

ப்ராஜெக்ட் என்றதும் கம்ப்யூட்டரைத் திறந்து தலைப்பு தேடாதீர்கள். டியூட்டி இல்லாத ஒரு நாளில், மருத்துவ அலுவலரிடம் சொல்லிவிட்டு, யூனிபார்ம் போடாமல், ஓ.பி. சீட்டு கொடுக்கிற இடத்துக்குப் பக்கத்து பெஞ்சில், முதல் நோயாளி வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்துகொள்ளுங்கள். கையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். யார் எத்தனை மணிக்கு வருகிறார், எங்கே நிற்கிறார், யாரிடம் வழி கேட்கிறார், எந்த இடத்தில் திரும்பிப் போய்விடுகிறார் என்று எழுதிக்கொண்டே இருங்கள். அப்புறம் ஒரே ஒருவரிடம் அனுமதி கேட்டு, அவர் வாசலில் நுழைந்ததிலிருந்து வெளியே போகிறவரை கூடவே நடங்கள். நாம் தினமும் வேலை செய்கிற கட்டிடம்தான், ஆனால் நோயாளியின் பக்கத்திலிருந்து நாம் அதைப் பார்த்ததே இல்லை என்பது அன்றைக்குத் தெரியும்.

நேரத்தை அளக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. கால் தாள் அளவுக்குத் துண்டுச் சீட்டு வெட்டி ஓ.பி. சீட்டோடு பின் அடித்துவிடுங்கள். பதிவு மேசை, பிரஷர் பார்க்கிற இடம், டாக்டர் அறை, லேப், மருந்து கொடுக்கிற ஜன்னல் என்று ஒவ்வொரு இடத்திலும் மணி மட்டும் எழுத வேண்டும். கடைசியில் பார்மசிஸ்ட் அந்தச் சீட்டைக் கிழித்து ஒரு டப்பாவில் போட்டுக்கொள்வார். ஒரு நாளைக்கு இருபது பேர், மூன்று நாள் செய்தால் போதும், ஆயிரம் சீட்டு தேவையில்லை.

மலையில் இப்படிச் செய்து பார்த்தால் பெரும்பாலும் ஒன்று தெரியவரும். காலையில் வந்த பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழைகிறார்கள், அடுத்த பஸ்ஸுக்குள் எல்லோரும் கிளம்பியாக வேண்டும், அதனால் பத்து மணிக்கு நிற்க இடம் இருக்காது, பன்னிரண்டரைக்கு ஹால் காலியாகக் கிடக்கும். கூட்டத்தை உண்டாக்கியது பஸ். இது தெரியாமல் "டோக்கன் மெஷின் வாங்கித் தாருங்கள்" என்று கேட்டு எழுதினால், அந்த மெஷின் வந்த பிறகும் பத்து மணிக்கு அதே கூட்டம்தான் இருக்கும். கீழே சேலத்தில் காரணம் வேறாக இருக்கும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர்களும், இளம்பிள்ளைப் பக்கம் தறி ஓட்டுகிறவர்களும் செய்கிற வேலைக்கு ஏற்பத்தான் காசு பார்க்கிறார்கள், காலை நேரத்தை இழப்பது அவர்களுக்குப் பெரிய இழப்பு. ஒரு ஊரில் பலித்த மாற்றத்தை இன்னொரு ஊரில் அப்படியே கொண்டுபோய் வைக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

பிரச்சினையை ஒரே வரியில் எழுதுங்கள்

"மலைப்பகுதி மக்களின் தாய் சேய் நலத்தை மேம்படுத்துதல்." இப்படி ஒரு தலைப்பை எழுதிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் கேட்பது: அடுத்த திங்கட்கிழமை காலையில் நீங்கள் எதை வேறு மாதிரி செய்வீர்கள்? பதில் இருக்காது. தலைப்பு பெரிதாக இருக்கிறது, கை வைக்க இடம் இல்லை.

இதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "எங்கள் நிலையத்தில் பிரஷருக்குப் பதிவு செய்தவர்களில், காபி பறிக்கிற நவம்பர் முதல் பிப்ரவரி வரை மாத்திரை வாங்க வராமல் நின்றுபோகிறவர்களின் எண்ணிக்கையை, அடுத்த சீசனுக்குள் பாதியாகக் குறைப்பது." யார், எங்கே, எப்போது, எவ்வளவு என்ற நான்கும் அந்த ஒரு வரியில் இருக்கின்றன. யார் படித்தாலும் புரியும், முடிந்ததா இல்லையா என்று யாரும் சரிபார்க்கலாம்.

வரி கிடைத்ததும் "ஏன்" என்று விடாமல் கேளுங்கள். டொயோட்டா தொழிற்சாலையில் ஒரு இயந்திரம் நின்றால் ஐந்து தடவை ஏன் என்று கேட்கிற பழக்கம் உண்டு, அது நமக்கும் பொருந்தும். ஏன் வரவில்லை? இரண்டு நாள் கூலி போகிறது. ஏன் இரண்டு நாள்? பதினைந்து நாளுக்குத்தான் மாத்திரை கொடுக்கிறோம். ஏன் பதினைந்து? எல்லோருக்கும் முப்பது நாளுக்குக் கொடுத்தால் ஸ்டாக் தாங்காது என்று பார்மசிஸ்ட் பயப்படுகிறார். ஏன் தாங்காது? போன மாதம் செலவானதைப் பார்த்து இன்டென்ட் (கிடங்கிலிருந்து மருந்து கேட்கிற பட்டியல்) போடுகிறோம். போன மாதம் ஏன் குறைவாகச் செலவானது? பறிப்பு சீசன், ஆட்கள் வரவில்லை. பாருங்கள், சுற்றி வந்து ஆரம்பித்த இடத்திலேயே நிற்கிறோம். ஆட்கள் வராததால் மருந்து குறைவாகக் கேட்கிறோம், மருந்து குறைவாக இருப்பதால் ஆட்கள் வருவதில்லை. பதிவு செய்தவர்களின் எண்ணிக்கையை வைத்து இன்டென்ட் போட ஆரம்பித்தாலே இந்தச் சுழல் உடைந்துவிடும். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருகிற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் உருவாகி, மாவட்டக் கிடங்கும், ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒதுக்கிய மருந்துத் தொகையைக் குறிக்கிற பாஸ்புக்கும் வந்த பிறகு, தேவையைப் பார்த்துக் கேட்டு வாங்குகிற வழி நமக்கு இருக்கிறது. கேட்கிற கணக்கைச் சரியாகப் போட வேண்டியது நாம்தான். முப்பது நாள் மாத்திரை ஒன்றும் யாரும் சொல்லாத புதுமை இல்லை, 2017-ல் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்முயற்சியே ஒரு தடவைக்கு முப்பது நாள் மாத்திரை தருவதைத்தான் சொல்கிறது.

எண்ணை நம்பலாமா என்று முதலில் பாருங்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது, பெரும்பாலான ப்ராஜெக்ட் தடுமாறுவது இங்கேதான்.

உங்கள் பிரஷர் பதிவேட்டை எடுத்து ஒரு பக்கத்தில் இருக்கிற அளவுகளின் கடைசி இலக்கத்தை மட்டும் படியுங்கள். 130/80, 140/90, 150/90, 140/80. எல்லாமே பூஜ்யத்தில் முடிந்தால், அந்தப் பக்கம் அளந்து எழுதியது இல்லை, உத்தேசமாக எழுதியது. கைமெஷினில் இரண்டு இரண்டாகக் கோடு இருக்கிறது, டிஜிட்டல் மெஷினில் எந்த எண்ணும் வரலாம், அப்படியிருக்க எல்லாம் பூஜ்யத்தில் முடிய வாய்ப்பே இல்லை. நம் இலக்கே 140-க்குக் கீழ், 90-க்குக் கீழ் என்று இருக்கும்போது, 144-ஐ 140 என்று எழுதுவதும் 138-ஐ 140 என்று எழுதுவதும் மொத்தக் கணக்கையும் புரட்டிப் போட்டுவிடும்.

அடுத்தது ஸ்வெட்டர். ஏற்காடு ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மார்கழியில் காலை நேரத்தில் வருகிறவர்கள் ஸ்வெட்டரும் சால்வையுமாகத்தான் வருவார்கள். வரிசை நீளமாக இருக்கிறது என்று ஸ்வெட்டருக்கு மேலேயே பட்டையைக் கட்டிவிடுவோம், இல்லையென்றால் கையைச் சுருட்டி மேலே ஏற்றுவோம், அது புஜத்தை இறுக்கிக்கொண்டு நிற்கும். இரண்டுமே தப்பு, வெறும் கையில்தான் கட்ட வேண்டும். பஸ் ஸ்டாண்டில் சூடாக ஒரு காபி குடித்துவிட்டு நேராக வருகிறவருக்கு அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் உட்கார வைத்து, முதுகு சாய்ந்து, பாதம் இரண்டும் தரையில் ஊன்றி, கை இதயத்தின் உயரத்தில் மேசைமேல் இருக்க, பேசாமல் இருக்கும்போது பார்க்க வேண்டும். சிறுநீர் கழிக்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், மலைப் பாதையில் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தவரிடம் இது கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. பருமனான கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும். இதையெல்லாம் சரிசெய்யாமல் புது ஆப் வாங்கி அதில் ஏற்றினாலும், தப்பான எண் தப்பான எண்ணாகவேதான் இருக்கும்.

இன்னொன்று, எதை எதனால் வகுக்கிறீர்கள் என்பது. கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பதிவு செய்தவர்கள் 100 பேர், இந்த மூன்று மாதத்தில் வந்தவர்கள் 60 பேர், அதில் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் 45 பேர். வந்தவர்களால் வகுத்தால் 75 சதவீதம், கைதட்டு வாங்கலாம். பதிவு செய்தவர்களால் வகுத்தால் 45 சதவீதம். அந்த வராத 40 பேரில்தான் நாளைக்குப் பக்கவாதத்தோடு 108-ல் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கு இறங்கப்போகிறவர் இருக்கிறார். 75 என்ற எண்ணில் அவர் இல்லவே இல்லை. தயவுசெய்து 45-ஐ எழுதுங்கள். மேலதிகாரி முகம் சுளித்தாலும் எழுதுங்கள், அந்த எண் இருந்தால்தான் அவரைத் தேடிப் போக யாருக்காவது தோன்றும்.

முதன்மை எண் ஒன்று போதும். கூடவே இன்னொரு எண்ணையும் கவனியுங்கள், நம் மாற்றத்தால் வேறு எங்காவது கெட்டுப்போகிறதா என்று பார்க்க. பிரஷர் நோயாளிகளுக்குத் தனி வரிசை போட்டால் காய்ச்சலோடு வந்த குழந்தை கூடுதல் நேரம் காத்திருக்கிறதா? அதுதான் இரண்டாவது எண். இரண்டையும் வாரா வாரம் கிராப் பேப்பரில் புள்ளி வைத்து, மருந்து ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். மாற்றம் தொடங்குவதற்கு முந்தைய புள்ளிகளின் நடு எண்ணில் (சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் நடுவில் வருவது) ஒரு கோடு இழுத்துவிட்டால், அதற்கப்புறம் தொடர்ந்து ஆறு புள்ளி அந்தக் கோட்டின் ஒரே பக்கம் விழுந்தால் ஏதோ உண்மையிலேயே மாறியிருக்கிறது என்று கொள்ளலாம். ஒரு வாரம் ஏறியது, ஒரு வாரம் இறங்கியது என்பதற்கெல்லாம் சந்தோஷமும் வேண்டாம், கவலையும் வேண்டாம். சீசனையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் கோடை விழாவும் சேர்வராயன் கோவில் திருவிழாவும் வந்து மலைப்பாதையே திணறும், அந்த மாதத்தையும் ஜனவரியையும் ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இந்த ஜனவரியைப் போன ஜனவரியோடு ஒப்பிடுங்கள்.

ஐந்து பேரிடம் தொடங்குங்கள்

திட்டமிடு, செய், பார், மாற்று என்ற சுற்று ஷூவார்ட், டெமிங் என்ற இரண்டு அமெரிக்கர்கள் தொழிற்சாலைகளுக்காகச் சொன்னது. பயிற்சி வகுப்பில் பி.டி.எஸ்.ஏ என்று வட்டம் வரைந்து காட்டுவார்கள். வட்டத்தை எல்லோரும் வரைந்துவிடுகிறோம், அதைச் சின்னதாகச் சுற்றுவதில்தான் தவறுகிறோம். முதல் நாளே நிலையம் முழுக்க உத்தரவு போடாதீர்கள்.

ஒரு நர்ஸ், ஒரு காலை, ஐந்து நோயாளிகள். அன்றைக்கு மாத்திரை வாங்க மட்டும் வந்தவர்களை ஓ.பி. வரிசையில் நிற்கவிடாமல் நேராக பிரஷர் மேசைக்கு வரச் சொல்லுங்கள். அளவு கட்டுப்பாட்டில் இருந்து வேறு தொந்தரவும் இல்லையென்றால், டாக்டர் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட நடைமுறைப்படி சீட்டு போட்டு, முப்பது நாள் மாத்திரையோடு அனுப்புவது. கூடுதலாக இருந்தால் டாக்டரிடம் முதல் ஆளாக அனுப்புவது. மதியம் சாப்பிடும்போது பார்மசிஸ்டையும் டாக்டரையும் வைத்துப் பேசுங்கள், எங்கே சிக்கியது? முதல் நாளில் கட்டாயம் ஏதாவது சிக்கும். ஓ.பி. நம்பர் இல்லாமல் மருந்து கொடுக்க முடியாது என்று ஜன்னலில் திருப்பி அனுப்பியிருப்பார்கள். சரி, மறுநாள் நம்பரை பிரஷர் மேசையிலேயே போட்டுப் பாருங்கள். அடுத்த வாரம் பத்து பேர், அதற்கடுத்த வாரம் இன்னொரு நர்ஸ். நீங்கள் இல்லாத நாளில் அவர் செய்து சரியாக வந்ததா என்பதுதான் எனக்குப் பெரிய பரீட்சை.

எஸ்டேட் ஆட்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கி மாநிலம் முழுக்க வந்தது, வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகிற தன்னார்வலர்கள் இன்று நம்மோடு இருக்கிறார்கள். ஆனால் பறிப்பு நாளில் பதினொரு மணிக்கு லைன் வீட்டுக்குப் போனால் பூட்டுதான் இருக்கும். அந்த நான்கு மாதத்துக்கு மட்டும், பறித்த காபிப் பழத்தை எடை போடுகிற சாயங்கால நேரத்தில், எஸ்டேட் மேஸ்திரியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு அங்கேயே போய்ப் பார்த்தால் என்ன? நேரத்தை மாற்றுவதற்குப் பணம் வேண்டாம். ஆனால் தன்னார்வலரான அந்தப் பெண் இருட்டுவதற்குள் எப்படித் திரும்புவார் என்பதை நாம் முதலில் தீர்க்க வேண்டும், அதை அவர் தலையில் கட்டிவிட்டு ப்ராஜெக்ட் வெற்றி என்று எழுதக் கூடாது.

சுவரொட்டி வேண்டாமே

எந்தப் பிரச்சினைக்கும் நம் கை முதலில் போகிற இடம் "விழிப்புணர்வு ஏற்படுத்துதல்", அடுத்தது "பணியாளர்களுக்குப் பயிற்சி". இரண்டும் தேவைதான், ஆனால் தனியாக நின்றால் மூன்று மாதத்தில் கரைந்துபோகும். ஒரு காரியத்தை மறந்துபோக முடியாதபடி இடத்தையும் பொருளையும் மாற்றி வைப்பதுதான் நிலைக்கும்.

பிரசவ அறையை எடுத்துக்கொள்ளுங்கள். மலையில் பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்கவில்லை என்றால், சேலம் இறங்க இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. அந்த நேரத்தில் ஒரு ஊசி பிரிட்ஜிலும், சலைன் செட் பீரோவிலும், பீரோ சாவி இன்னொருவர் பையிலும் இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். "அவசரக் காலத்தில் விரைந்து செயல்படுவது எப்படி" என்று வகுப்பு எடுப்பதைவிட, அவசர மருந்துத் தட்டு ஒன்றைத் தயாராக வைத்து, உள்ளே என்னென்ன இருக்க வேண்டும் என்று மூடியில் எழுதி ஒட்டி, ஒவ்வொரு ஷிப்ட் மாறும்போதும் இரண்டு பேர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்துப் போடுவது பல மடங்கு மேல். ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்துகிற ஆக்ஸிடோசின் ஊசி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து, அதனால் அதைத் தட்டில் வைக்க முடியாது. எனவே தட்டின் மூடியிலேயே "ஆக்ஸிடோசின்: பிரிட்ஜ், மேல் தட்டு, இடது பக்கம்" என்று எழுதுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு கரன்ட் போய், புதிதாக வந்த நர்ஸ் தனியாக நிற்கும்போது அந்த ஒரு வரி அவளுக்குப் போதும்.

நம் மாநிலத்தின் பெரிய மாற்றங்களும் இப்படித்தான் வந்தன. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று ஸ்டாப் நர்ஸ்களைச் சுற்றுமுறையில் போட்டு 24 மணி நேரமும் ஆள் இருக்கச் செய்தார்கள், ராத்திரியில் வந்தால் ஆள் இருக்கிறார் என்று தெரிந்ததும் ஊர் தானாக வந்தது.

யாரையெல்லாம் சேர்த்துக்கொள்வது? டாக்டர், பார்மசிஸ்ட், லேப் ஆள், கிராம சுகாதார செவிலியர், இவர்களை எல்லோரும் சேர்ப்பார்கள். துப்புரவுப் பணியாளரை விடாமல் சேருங்கள். யார் வந்து வெளியே நின்றுவிட்டு உள்ளே வராமலே போகிறார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும், காரணமும் தெரிந்திருக்கும், ஏனென்றால் அவரிடம்தான் மக்கள் பேசுவார்கள். மலையில் என்றால் ஊர்த் தலைவரான ஊர்க் கவுண்டரைப் போய்ப் பாருங்கள். அவருக்குத் தெரியாமல் ஊருக்குள் முகாம் போட்டால் நாற்காலிகள்தான் நிரம்பாமல் இருக்கும். போகும்போது முடிவோடு போகாமல் கேள்வியோடு போங்கள், "எந்த நேரம் வந்தா உங்களுக்கு வசதிங்க?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்.

போன் நம்பர் விஷயம். "வரும் தேதியை மெசேஜில் நினைவூட்டுவது" என்பது இப்போது எல்லோருடைய ப்ராஜெக்டிலும் இருக்கிறது. பதிவேட்டில் இருக்கிற நம்பர் யாருடையது என்று பாருங்கள். பாதி இடத்தில் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்கிற மகனுடையதாக இருக்கும். அவனுக்கு மெசேஜ் போய் இங்கே இருக்கிற அம்மாவுக்கு என்ன பயன்? "இந்த நம்பருக்குக் கூப்பிட்டா யார் எடுப்பாங்க? படிக்கத் தெரியுமா? வீட்டுக்குள்ள சிக்னல் கிடைக்குமா?" என்று மூன்று கேள்வி கேட்டு ஒரு கட்டத்தில் எழுதிவிட்டு, அப்புறம் மெசேஜா, குரல் அழைப்பா, பக்கத்து வீட்டு அம்மா மூலமா என்று முடிவு செய்யுங்கள். காசநோய், எச்.ஐ.வி போன்றவற்றில் அந்த மெசேஜை மகனோ மருமகளோ படித்துவிட்டால் அவர் வாழ்க்கையே போய்விடும், அங்கே நேரில் ஒப்புதல் வாங்காமல் எதுவும் அனுப்பாதீர்கள். நோயாளியின் போட்டோவை வாட்ஸ்அப் குரூப்பில் "இன்றைய பணி" என்று போடுகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ப்ராஜெக்டை ஆய்வுக் கட்டுரையாக வெளியிடும் எண்ணம் இருந்தால், வேலை தொடங்குவதற்கு முன்பே நெறிமுறைக் குழுவிடம் அனுமதிக்குப் போங்கள், முடிந்த பிறகு போய் நிற்க முடியாது.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் சுற்றைப் பணம் இல்லாமல் செய்யுங்கள். அப்புறம் பெஞ்சோ, பிரஷர் மெஷினுக்குப் பெரிய பட்டையோ, சுவர்க் கடிகாரமோ வேண்டுமென்றால் நோயாளர் நலச் சங்கத்திலும் கிராம சுகாதாரக் குழுவுக்கு வருகிற ஆண்டு 10,000 ரூபாயிலும் கேட்கலாம். கிராம சபை இப்போது வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பஸ் நேரத்தை மாற்றித் தரச் சொல்லி நாம் கடிதம் எழுதுவதைவிட, அந்தக் கிராப் பேப்பரை எடுத்துக்கொண்டு போய் ஊரே தீர்மானம் போட்டால் அதற்கு எடை அதிகம்.

நீங்கள் மாறுதலாகிப் போன பிறகு

சமவெளியில் ஒரு நிலையத்தில் பச்சை அட்டை ஒன்று கொண்டுவந்தேன். மாத்திரை தேதி, அளவு, அடுத்த வருகை எல்லாம் ஒரே அட்டையில், சட்டைப் பையில் வைக்கிற அளவு. நன்றாக ஓடியது, மக்கள் கேட்டு வாங்கினார்கள். எனக்கு மாறுதல் வந்தது. எட்டு மாதம் கழித்து ஒரு பயிற்சிக்காக அங்கே போனபோது, அட்டை தீர்ந்துபோய் நான்கு மாதம் ஆகியிருந்தது. அச்சடிக்க எங்கே கொடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை, அந்த அச்சகத்தின் நம்பர் என் போனில் மட்டும்தான் இருந்தது. ஒரு தாத்தா கிழிந்துபோன பழைய அட்டையை பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தார், அதில் எழுத இடமே இல்லை, ஓரத்தில் சின்னதாக எழுதி எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால் இப்போது யார் கேட்டாலும் முதல் மாதமே இதைச் செய்யச் சொல்கிறேன். புது வேலை யாருடைய டியூட்டி பட்டியலில் எழுத்தில் ஏறியிருக்கிறது என்று பாருங்கள், "எல்லோரும் செய்வார்கள்" என்று இருந்தால் யாரும் செய்யமாட்டார்கள். தீர்ந்துபோகிற பொருள் எதுவாக இருந்தாலும் அது வழக்கமான இன்டென்டில் வர வேண்டும், இல்லையென்றால் நிலையத்தின் ஜெராக்ஸ் மெஷினிலேயே எடுக்கிற மாதிரி கறுப்பு வெள்ளையில் இருக்கட்டும், பச்சை வேண்டாம். ஒரு புது வேலையைச் சேர்க்கும்போது ஒரு பழைய வேலையை எடுத்துவிடுங்கள். நம் நர்ஸ்கள் ஏற்கெனவே எத்தனை பதிவேடு எழுதுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும், ஒரே தகவலை மூன்று இடத்தில் எழுதுகிற கொடுமையிலிருந்து ஒன்றையாவது குறைத்துக் கொடுத்தால் உங்கள் ப்ராஜெக்டை அவர்களே காப்பாற்றுவார்கள்.

முடிவில் எழுதுகிற அறிக்கை ஒரு பக்கம் போதும். என்ன பிரச்சினை, என்ன மாற்றினோம், கிராப், எது பலிக்கவில்லை. அந்தக் கடைசிப் பகுதியை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள், பக்கத்து நிலையத்துக்காரருக்கு அதுதான் மிகவும் உதவும். வட்டாரக் கூட்டத்தில் காட்டுங்கள், தேசியத் தரச் சான்றுக்கோ காயகல்ப் (ஆஸ்பத்திரிச் சுத்தத்துக்கான விருது) மதிப்பீட்டுக்கோ ஆள் வரும்போது அவர்களிடமும் காட்டுங்கள். ஆனால் சான்றிதழுக்காக அவர்கள் வருகிற வாரத்தில் மட்டும் சுவரில் ஒட்டுகிற கிராப் வேண்டாம்.

ஆறு மாதம் கழித்து, ஒரு வருடம் கழித்து, அந்த எண்ணைத் திரும்ப எடுக்கும் தேதியை இப்போதே நோட்டின் அட்டையில் எழுதிவிடுங்கள். அதற்குக் கீழே, உங்களுக்கு அடுத்து இந்த நோட்டு யாரிடம் போகிறதோ அவர் பெயருக்கு ஒரு கோடு காலியாக விட்டு வையுங்கள். மாறுதல் உத்தரவு கைக்கு வந்த அன்றைக்கே அந்தப் பெயரை எழுதி, அவரைக் கூட்டிக்கொண்டு போய் பார்மசிஸ்ட் முன்னால் நின்று கொடுங்கள், அச்சகத்தின் நம்பரோடு சேர்த்து.